செருப்பைக் கையில் எடுத்த காலம்

போன மாதம் சர்க்கரை டாக்டரிடம் போயிருந்தேன். நைலான் நரம்பு மாதிரி ஒன்றை வைத்து உள்ளங்காலில் அங்கங்கே குத்தி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். நாலு இடத்தில் தெரிந்தது, மூன்று இடத்தில் தெரியவில்லை. "இனிமே வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்காதீங்க சார்" என்று சொல்லி, எம்.சி.ஆர். செருப்பு இரண்டு ஜோடி வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒன்று வெளியே போட, இன்னொன்று வீட்டுக்குள் போட.

சமையலறையில் செருப்போடு நிற்கிற என்னை என் அப்பத்தா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தபடி வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு பழைய பெட்டியைக் குடைந்து, 1963-இல் எடுத்த எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்துமூன்று பையன்கள். முன்வரிசையில் தரையில் சம்மணம் போட்டிருப்பவர்களின் காலெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நாற்காலியில் ஆசிரியர்கள், அவர்களிலும் மூன்று பேர்தான் பூட்ஸ். பையன்களில் செருப்புப் போட்டவர்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தவரை எண்ணினால் ஒன்பது. அந்த ஒன்பதில் நானும் ஒருவன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒன்பதுதான் காரணம்.

எங்களுடையது அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு கண்மாய்ப் பாசன ஊர். அங்கே வெறுங்கால் என்பது ஒரு விஷயமே இல்லை. மூச்சு விடுவது மாதிரி. உடைமரத்து முள், கருவேல முள், நெருஞ்சி எல்லாம் காலுக்குப் பழக்கம். பெரியவர்கள் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியைக் கோத்து வைத்திருப்பார்கள். ஆழமாக ஏறி ஒடிந்த முள்ளுக்கு எருக்கம்பால் வைப்பார்கள். சித்திரை வெயிலில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு மர நிழலிலிருந்து அடுத்த மர நிழலுக்கு ஓடுவோம். நிழலே இல்லாத இடத்தில் பனைமட்டையை இரண்டு துண்டாக நறுக்கி, நாரால் காலோடு கட்டிக்கொண்டு தடக் தடக்கென்று நடப்போம். பாதி வழியில் நார் அறுந்துவிடும், அது வேறு கதை. நடவுக் காலத்தில் பெண்களுக்கு விரலிடுக்கில் சேற்றுப்புண். கோடையில் குதிகாலில் பித்தவெடிப்பு. என் அம்மாவுக்கு வெடிப்பில் ஒரு பழைய எட்டணாக் காசே நிற்கும் என்று அப்பா கேலி செய்வார்.

நம் ஊர்க்காரர்களுக்குச் செருப்பே வெள்ளைக்காரன் வந்துதான் தெரிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சங்க நூல்களிலேயே அதற்குத் 'தொடுதோல்' என்று அழகான பெயர் இருக்கிறது. செய்யத் தெரியும், தோலும் இருந்தது. ஆனாலும் சில இடங்களில் கழற்றிவிட வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில், அடுப்படி, நெல் அடிக்கிற களம், குதிர் இருக்கிற அறை. விளைந்த வயலுக்குள் செருப்போடு இறங்குகிறவனை எங்கள் ஊரில் பைத்தியம் என்பார்கள். செட்டிநாட்டு நகரத்தார் தைப்பூசத்துக்குக் காவடியோடு பழநிக்கு நடக்கிறார்களே, எத்தனை தலைமுறையாக நடக்கிறார்கள்! சபரிமலைக்கு மாலை போட்டவர் செருப்பை மூலையில் போட்டுவிடுகிறார். கொடைக்கானல் மலைச்சரிவில் வெள்ளகவி என்று ஒரு கிராமம், அங்கே ஊருக்குள் யாருமே செருப்புப் போடுவதில்லை. ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். இதிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. கழற்றுகிறவன் தானாகக் கழற்றுகிறான். கோயில் வாசலில் ஜமீன்தார் செருப்பும் கிடக்கும், அவர் வண்டிக்காரன் செருப்பும் கிடக்கும்.

இன்னொருவன் கழற்றச் சொல்லும்போதுதான் சங்கதி மாறுகிறது. யார் முன்னால் யார் கழற்றுவது என்பது அந்தக் காலத்தில் ராஜாங்க விவகாரம். கம்பெனி துரைகள், தங்கள் முன்னால் வரும் நம்மவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். நம் வழக்கத்தை நம்மிடமே திருப்பிக் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் படித்துப் பூட்ஸ் போட ஆரம்பித்தவர்கள் முணுமுணுக்கவே, 1854-இல் கவர்னர் ஜெனரல் ஒரு தீர்மானம் போட்டு வங்காளத்தில் அரசாங்கச் சடங்குகளுக்குப் பூட்ஸோடு வரலாம் என்று அனுமதித்தார். சலுகை ஐரோப்பிய மாதிரி பூட்ஸுக்குத்தான். நாட்டுச் செருப்பு வாசலிலேயே நின்றுவிட்டது! அதே துரைமார்கள் பர்மாவில் என்ன செய்தார்கள்? மாண்டலேயில் மிண்டோன் மன்னர் முன்னால் பூட்ஸைக் கழற்ற மாட்டோம் என்று 1875-க்குப் பிறகு முரண்டு பிடித்தார்கள். அதன்பின் அங்கிருந்த ஆங்கிலப் பிரதிநிதிக்கு மன்னரின் நேர்முக தரிசனமே இல்லாமல் போயிற்று. ஒரு ஜோடி பூட்ஸுக்காக இரண்டு ராஜாங்கம் பேச்சை நிறுத்திக்கொண்டதை நினைத்தால் இன்றைக்குச் சிரிப்பாக இருக்கிறது.

சென்னையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சாட்சிச் சம்மனுக்காக ஹைகோர்ட்டுக்குப் போனேன். அங்கே சர் டி. முத்துசாமி ஐயரின் சலவைக்கல் சிலை இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழைப் பிள்ளை. தெருவிளக்கில் படித்தவர் என்று நம் பாடப்புத்தகங்களில் வருவாரே, அவர்தான். 1878-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் சிலையில் கால்கள் வெறுங்கால்கள். நீதிமன்றத்தைக் கோயிலாக நினைத்தார், அதனால்தான் அப்படி என்று என் கூட வந்த வக்கீல் குமாஸ்தா சொன்னார். கதையோ நிஜமோ, அந்தக் கால்கள் எனக்கு மறக்கவில்லை. பூட்ஸ் போட்டுக்கொள்ள எல்லா உரிமையும் உள்ள ஒருவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதில் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் கால்பந்து அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியதும் இந்த வகைதான். பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியையும் கோட்டைவிட்டார்கள். நம் பக்கம் ஒரே கோல் அடித்தவர் பெங்களூர் ராமன். நாலு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. (1950 உலகக் கோப்பைக்கு நாம் போகாததற்கு வெறுங்கால் தடைதான் காரணம் என்று வாட்ஸப்பில் அடிக்கடி வருகிறது. நம்பாதீர்கள். பயணம், தயாரிப்பு, ஒலிம்பிக்தான் பெரிது என்ற எண்ணம் என்று வேறு காரணங்கள் இருந்தன.)

இனி எங்கள் ஜில்லாவுக்கு வருகிறேன்.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவர் ஜே.எச். ஹட்டன். இந்தியச் சாதிகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தில் ராமநாதபுரம் ஜில்லாவைப் பற்றி ஒரு பக்கம் வருகிறது. ரிட்டயர் ஆன பிறகு நூலகத்தில் அதைப் படித்துவிட்டு, அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். 1930 டிசம்பரில் நிலம் வைத்திருந்த சாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவோ மஞ்சளோ கூடாது. எட்டாவது: ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பும் போடக் கூடாது.

மீறியவர்களின் குடிசைகளும் குதிர்களும் அழிக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொள்ளை போயின என்று அவர் எழுதுகிறார். அதோடும் நிற்கவில்லை. அடுத்த வருடம் ஜூனில் எட்டு பதினொன்றாயிற்று. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுதான் மேய்க்க வேண்டும் என்பது அதில் சேர்ந்தது. தெற்கே திருவிதாங்கூரில் நாடார்களுக்கு ஒரு காலத்தில் இதே குடைத் தடையும் செருப்புத் தடையும் இருந்ததைப் பலர் படித்திருப்பீர்கள்.

ஒரு செருப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பட்டியலைச் சேர்த்துப் பார்த்தால் புரிகிறது. குடையோ, சட்டையோ, செருப்போ, தூரத்தில் வரும்போதே ஆளை அடையாளம் காட்டுகிறவை. வருகிறவன் யார் என்று திண்ணையில் இருக்கிறவன் பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் அவன் கால் வெந்தால் யாருக்கு என்ன?

1930-இல் என் தாத்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தடைகளை விதித்தவர்களில் அவர் இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற வயதில் அவர் இல்லை. அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எங்கள் ஊரில் செருப்புத் தைக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அருந்ததியர். ஊரே அவரைப் பெயர் சொல்லி 'வாடா போடா' என்றுதான் கூப்பிட்டது, பத்து வயதுப் பையன்கள் உட்பட. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கமலைச் சாலுக்குத் தோல் தைப்பது, மாட்டுக்கு வார், ஊர்ப் பெரியவர்களுக்குச் செருப்பு, எல்லாம் அவர் கைவேலை. காசு கிடையாது, அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் நெல் அளப்பார்கள். 1958-இல் எனக்கு முதல் செருப்பு தைத்தவர் அவர்தான். கொல்லைப்புறமாக வந்து, தோலைத் தரையில் விரித்து, "சாமி, காலை வைங்க" என்று சொல்லி, என்னைத் தொடாமல் சுற்றிலும் கரிக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். விரைப்பான மாட்டுத்தோல். பத்து நாள் விளக்கெண்ணெயில் ஊறப்போட்டும் குதிகாலைக் கடித்துக்கொண்டே இருந்தது. நடந்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே தெருவில் இரண்டு முறை கூடுதலாக நடந்தேன்.

அவருக்கும் ஒரு ஜோடி இருந்தது. சந்தைக்குப் போகும்போது போட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது ஊர் எல்லைப் புளியமரத்தடியில் நின்று கழற்றி, தட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் தெருவைக் கடப்பார். தினம் பார்க்கிற காட்சி என்பதால் எனக்கு அது காட்சியாகவே தெரியவில்லை. மழை பெய்தால் குடையை மடக்குகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் வீட்டில் அதையும் பார்த்திருக்கிறேன்.

அவருடைய பேரன் என் வகுப்பு. கணக்கில் என்னைவிடக் கெட்டி. மதுரையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தவன், 1959 கோடை லீவு முடிந்து பாட்டா கடைச் செருப்போடு வந்தான். பாட்டா அப்போது எங்களுக்கெல்லாம் பெரிய பெயர். வெறுங்காலில் காயம் பட்டால் ரணஜன்னி வரும், ஷூ போடுங்கள் என்று பயமுறுத்தி விளம்பரம் போட்ட கம்பெனி அது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தானோ, புளியமரத்தை மறந்துவிட்டானோ, மறந்த மாதிரி இருந்தானோ, தெரியாது. எங்கள் வீட்டுத் திண்ணையைத் தாண்டும்போது உள்ளே இருந்து பெரியப்பா குரல்.

"டேய், காலுல என்னடா?"

அவன் நின்றான். அடிக்கவில்லை, வையவில்லை, பெரியப்பா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அவன் குனிந்து இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்தான். நிமிரும்போது என்னைப் பார்த்தான். நான் திண்ணையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். காலில் அவன் தாத்தா தைத்த செருப்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது.

தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அதற்குள் நாலு வருடம் பழசு. பள்ளிக்கூடத்துச் சுவரில் 'தீண்டாமை ஒரு பாவச்செயல்' என்று எழுதியிருந்ததை நாங்கள் இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள். 63-இல் எடுத்த போட்டோவில் அவனும் இருக்கிறான். இரண்டாம் வரிசை, இடமிருந்து ஆறாவது. அவன் கால் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அதனால் அவன் என் ஒன்பது கணக்கில் வரவில்லை. போட்டிருந்தானா இல்லையா என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை.

பிறகு நான் தபால் இலாகாவில் சேர்ந்து மதுரை, சென்னை என்று போய்விட்டேன். எழுபத்தேழோ எட்டோ, மதுரையில் கவுண்டரில் இருந்தபோது மணியார்டர் பாரத்தை நீட்டிய கை ஒன்று உள்ளே வந்தது. அவன்தான். அவர் என்று எழுத வேண்டும். ரயில்வேயில் வேலை. "என்னைத் தெரியுதா?" என்றார். தெரியாமலா? பேசிக்கொண்டிருந்தோம். "பெரியப்பா நல்லா இருக்காகளா?" என்று அவராகத்தான் கேட்டார். போன வருடம் தவறிவிட்டார் என்றேன். உச்சுக்கொட்டினார். ரசீதைக் கொடுத்துவிட்டு, அவர் திரும்பி நடக்கும்போது எட்டிப் பார்த்தேன். பாலீஷ் போட்ட கறுப்பு பூட்ஸ். அன்றைக்கு அந்தத் திண்ணை விஷயத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். வரிசையில் ஆள் நிற்கிறது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் மறுபடி வரவில்லை.

அந்தப் பழைய வழக்கமெல்லாம் என்றோ ஒழிந்துவிட்டது என்று என் நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அதைத் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். புதிதாகச் சேர்த்த குற்றங்களில் ஒன்று, பொது இடத்தில் அவர்கள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்போ புதுத்துணியோ அணிவதையும், கல்யாண ஊர்வலம் போவதையும் தடுப்பது. செருப்பு என்ற வார்த்தையை இந்தியப் பாராளுமன்றம் 2015-இல் ஒரு சட்டத்துக்குள் எழுத வேண்டியிருந்தது என்றால், எங்கேயோ யாரோ இன்னும் கழற்றிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். நம் கால்களை மூடியதில் ஹவாய் செருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. ரப்பர், விலை மலிவு, வார் அறுந்தால் ஊக்கு மாட்டிக்கொள்ளலாம், யார் தைத்தது யார் போடுவது என்ற பேச்சே இல்லை. தோட்டக்காடுகளில் வெறுங்கால் வழியாக ஏறிய கொக்கிப்புழு நம் ஜனங்களின் ரத்தத்தை உறிஞ்சியதைத் தடுக்க வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1920-களில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் சென்னை மாகாணத்துக்கு வந்து பாடுபட்டார்கள். பிறகு எம்.ஜி.ஆர். காலத்தில் பிள்ளைகளுக்கு இலவசச் செருப்பு வந்தது. 2012-இல் ஜெயலலிதா காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மறுபடி வந்து, இப்போது ஷூவும் சாக்ஸுமாக ஆகிவிட்டது. அரசுப் பணத்தில் செருப்பா என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்கு அது புரிய நாளாகும். எனக்கும் நாளாயிற்று.

பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தெரு இப்போது சிமெண்டு ரோடு. புளியமரம் இல்லை, அந்த இடத்தில் மினரல் வாட்டர் கடை. அம்மன் கோயில் வாசலில் நின்று, டாக்டர் சொன்னதை நினைத்து, ஒரு நிமிடம் தயங்கிவிட்டுக் கழற்றினேன். தரை சுட்டிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. திரும்பி வந்து, பாழடைந்து கிடக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் எம்.சி.ஆர். செருப்போடு உட்கார்ந்தேன்.

நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். எல்லார் காலிலும் கறுப்பு ஷூ. ஒரு சின்னப் பெண் மட்டும் பின்தங்கி, ஷூவைக் கழற்றி, லேஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். எனக்குத் திக்கென்றது.

"ஏம்மா கழட்டிட்டே? யாரும் ஏதாவது சொன்னாங்களா?"

"கடிக்குது தாத்தா" என்றாள்.

எந்தத் தெரு என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. விளக்கெண்ணெய் போட்டால் சரியாகுமா, இது ரெக்சின் ஆயிற்றே என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் ஷூவை ஆட்டிக்கொண்டே தெருக்கோடிக்குப் போய்விட்டாள்.